மூன்று வாரமாகியும் விடாத காய்ச்சல்: காரணத்தை எப்படித் தேடுகிறார்கள்?

சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். டெங்குக் காய்ச்சலும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். பத்து நாளைத் தாண்டியும் தினமும் உடம்பு சுடுகிறது என்றால், "வைரஸ்தான், தானாகப் போய்விடும்" என்று இருந்துவிடக் கூடாது. மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டால் மருத்துவத்தில் அதற்குத் தனியாக ஓர் அணுகுமுறையே இருக்கிறது.

1961-ல் ராபர்ட் பீட்டர்ஸ்டார்ஃப், பால் பீசன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இப்படிக் காய்ச்சலோடு அவதிப்பட்ட நூறு பேரை ஆராய்ந்து ஒரு வரையறை தந்தார்கள். காய்ச்சல் பல தடவை 101 டிகிரி ஃபாரன்ஹீட்டை (38.3 செல்சியஸ்) தாண்டியிருக்க வேண்டும், மூன்று வாரத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தும் காரணம் பிடிபடாமல் இருக்க வேண்டும். 1991-ல் டியூராக், ஸ்ட்ரீட் என்ற இருவர் அதைத் தளர்த்தி, மூன்று நாள் உள்நோயாளியாகவோ மூன்று முறை வெளிநோயாளியாகவோ பார்த்தால் போதும் என்றார்கள். எச்ஐவி உள்ளவர்கள், வெள்ளையணு குறைந்தவர்கள், வேறு நோய்க்காக மருத்துவமனையில் இருக்கும்போது காய்ச்சல் கண்டவர்கள் ஆகியோரையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அவர்களுக்கான தேடல் வேறு மாதிரி. இங்கே நான் பேசுவது, அதுவரை நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, வயதுவந்த ஒருவருக்கு வரும் விடாக் காய்ச்சலைப் பற்றி.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட நாள் காய்ச்சல் என்றதும் ஏதோ உலகத்தில் இல்லாத நோய் வந்துவிட்டதாகப் பலர் பயந்துபோகிறார்கள். உண்மையில் அபூர்வமான நோயைவிட, நமக்கு நன்றாகத் தெரிந்த நோய் தெரியாத முகத்தோடு வருவதுதான் அதிகம். இருமலே இல்லாத காசநோய், வயிற்றுவலி பெரிதாக இல்லாத ஈரல் சீழ்க்கட்டி, நெஞ்சுவலி எதுவும் இல்லாமல் இதய வால்வில் ஒட்டிக்கொண்ட கிருமி. இவற்றை மறைக்கும் திரையில் பாதியை நாமே போட்டுவிடுகிறோம். அதுதான் எனக்கு ஆற்றாமை. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், காய்ச்சல் இருக்கிறதா?

"உள்காய்ச்சல்" என்று நம்மில் பலர் சொல்வோம். உடம்பு கதகதவென்று இருக்கும், அசதியாக இருக்கும், கை வைத்துப் பார்த்தால் சூடு தெரிகிற மாதிரி இருக்கும். ஆனால் தெர்மாமீட்டர் வைத்தால் 99-ஐத் தாண்டாது. நல்ல ஆரோக்கியமானவருக்கும் சாயங்காலம் வாயில் வைத்துப் பார்க்கும் அளவு 99.9 வரை போகலாம். விடியற்காலையில் அதைவிட ஒரு டிகிரி குறைவாக இருக்கும். அதனால் கைச்சூட்டை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. காலையில் எழுந்ததும், மதியம், மாலை ஐந்து மணி வாக்கில், படுக்கும் முன்பு என நான்கு வேளை அளவை எழுதுங்கள். குளிர் நடுக்கம் எடுத்தால் அந்த நேரத்தையும் குறியுங்கள். பாராசிட்டமால் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள், ஏனென்றால் மாத்திரை போட்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்த அளவுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. காய்ச்சல் ஏறி இறங்கும் விதத்தை மட்டும் வைத்து இன்ன நோய் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் தினமும் சாயங்காலம் 103-க்கு ஏறி, காலையில் முழுதாக இறங்கிவிடும் காய்ச்சலும், நாள் முழுக்க 100-லேயே நிற்கும் காய்ச்சலும் டாக்டரை வெவ்வேறு பக்கம் யோசிக்க வைக்கும்.

கேள்விகள்தான் பாதி வைத்தியம்

மால்டா தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைவீரர்களை ஒரு காய்ச்சல் ஆட்டிப்படைத்தது. வாரக்கணக்கில் ஏறும், இறங்கும், மறுபடி வரும்; வியர்வையும் மூட்டுவலியும் கூடவே இருக்கும். 1887-ல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1905-ல்தான் தெமிஸ்டோக்ளீஸ் சம்மித் என்ற மால்டா மருத்துவர், நோயே இல்லாதது போலத் தெரியும் ஆடுகளில் அது இருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டு படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். நோயும் மளமளவென்று குறைந்தது. அதுதான் புருசெல்லோசிஸ். நம் ஊரிலும் ஆடு மாடு வளர்ப்பவர்கள், கால்நடைப் பிரசவம் பார்ப்பவர்கள், இறைச்சி வெட்டுபவர்கள், காய்ச்சாத பால் குடிப்பவர்கள் ஆகியோருக்கு இது வருகிறது. முதுகுவலியோடு மாதக்கணக்கில் காய்ச்சல் இருக்கும். இதற்கென்று தனியாக ரத்தப் பரிசோதனை எழுதினால்தான் தெரியும். அதை எழுத வேண்டுமென்றால், "ஐயா, வீட்டில் ஆடு மாடு இருக்கிறதா? போன மாசம் ஏதாவது கன்று கலைந்ததா?" என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அதனால்தான் நீண்ட காய்ச்சலில் டாக்டர் சம்பந்தமில்லாததைக் கேட்கிற மாதிரி தெரியும். என்ன வேலை, கடைசியாக எந்த ஊருக்குப் போனீர்கள், வீட்டில் யாருக்காவது டிபி வந்ததுண்டா, சமீபத்தில் பல் பிடுங்கினீர்களா, சின்ன வயதில் இதயத்தில் கோளாறு என்று யாராவது சொன்னார்களா, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது, ராத்திரியில் துணி நனைகிற அளவு வியர்க்கிறதா? ஒடிசாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்றால் மலேரியா நினைவுக்கு வரும்; பீகார் கிராமத்திலிருந்து வந்தவர் என்றால் மண்ணீரல் வீங்கும் காலா அசார் நினைவுக்கு வரும். எச்ஐவி பற்றியும், உடலுறவு பற்றியும் கேட்பார்கள். கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டால் கோபப்பட வேண்டாம். அந்த ஒரு பதில் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தலாம்.

சாப்பிடும் மருந்துகளையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். மருந்தே காய்ச்சலைத் தருவதுண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின், சல்ஃபா மருந்துகள், சில ஆன்டிபயாடிக்குகள், ஏன் டிபி மாத்திரைகள்கூட இதைச் செய்யும். மருந்து ஆரம்பித்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் தொடங்கும். காய்ச்சல் 102 இருந்தாலும் ஆள் ஓரளவு தெளிவாக உட்கார்ந்திருப்பார். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் நிறுத்துவதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்துவது ஆபத்து.

தலை முதல் கால் வரை

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பனிக்காலம் முடியும் வரை தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் அதிகம் வருகிறது. புதர், புல்வெளிகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் ஒரு கருப்புப் பொருக்கு உண்டாகும். சிகரெட்டால் சுட்ட மாதிரி, சுற்றிலும் சிவந்து, நடுவில் கருத்துக் காய்ந்து இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அது இருக்கும் இடமோ அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்கு அடியில், இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், காதுக்குப் பின்னால். சட்டையைக் கழற்றாமல், புடவையைத் தளர்த்தாமல் பார்த்தால் அது கண்ணில் படவே படாது. கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரையில் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பெண் நோயாளிகளிடம் கூச்சம் கருதி முழுப் பரிசோதனை செய்யாமல் விடுவது நம் ஊரில் சகஜம். ஒரு நர்ஸ் கூட இருக்க, திரை போட்டு, முறையாகப் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இதே மாதிரி கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா, மண்ணீரல் தட்டுப்படுகிறதா, இதயத்தில் புதிதாக முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறதா, தைராய்டைத் தொட்டால் வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. திங்கட்கிழமை இல்லாத நெறி வெள்ளிக்கிழமை இருக்கும். "இதைத்தான் போன வாரமே பார்த்தாரே" என்று நினைக்காதீர்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பவர்தான் நல்ல டாக்டர்.

ரத்தம் எடுக்கும் வரிசை

ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஈரல் மற்றும் சிறுநீரகப் பரிசோதனைகள், சிறுநீர், மலேரியா ஸ்மியர், எச்ஐவி, நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் ஆரம்பத்திலேயே செய்துவிடுவார்கள். ஈஎஸ்ஆர் 100-ஐத் தாண்டினால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று தெரியும். என்ன என்று அது சொல்லாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ப்ளட் கல்ச்சர் பற்றி. ரத்தத்தில் கிருமி இருந்தால் அதை வளர்த்துக் காட்டும் பரிசோதனை இது. ஆன்டிபயாடிக் முதல் டோஸ் உள்ளே போவதற்கு முன் எடுத்தால்தான் இதற்கு முழு மதிப்பு. கையைக் கிருமிநாசினியால் துடைத்து, அது காயும்வரை காத்திருந்து, பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலில் எட்டு முதல் பத்து மில்லி ரத்தம் விட வேண்டும். இரண்டு மில்லி விட்டால் கிருமி சிக்காமல் போகலாம். இதய வால்வில் தொற்று இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று செட் எடுப்பார்கள். "எத்தனை தடவைதான் ரத்தம் எடுப்பீர்கள்?" என்று உறவினர்கள் சலித்துக்கொள்வது புரிகிறது. ஒரே பாட்டிலில் வளர்ந்த கிருமி தோலிலிருந்து வந்ததாக இருக்கலாம். மூன்றிலும் வளர்ந்தால் அது ரத்தத்தில் இருக்கிறது என்று நம்பலாம். அதற்குத்தான் மூன்று. புருசெல்லா சந்தேகம் இருந்தால் லேபுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது மெதுவாக வளரும். கவனமில்லாமல் கையாண்டால் லேப் ஊழியருக்கே தொற்றிவிடும்.

இதற்கு நேர்மாறாக, நாம் அளவுக்கு மீறி நம்புவது டைபாய்டுக்கான விடால் டெஸ்ட். 1896-ல் வந்த பரிசோதனை அது. டைபாய்டு அதிகம் உள்ள நம் நாட்டில், எப்போதோ வந்துபோன தொற்றாலும், தடுப்பூசியாலும், வேறு கிருமிகளாலும் அது பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு விடாலை வைத்து "டைபாய்டு" என்று முத்திரை குத்தி, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றி, கடைசியில் அது டிபி என்று தெரியவந்தால், இழந்த நாட்களை யார் தருவார்கள்? டைபாய்டுக்கு நம்பத் தகுந்தது ப்ளட் கல்ச்சர்தான். அதிலும் எல்லா நோயாளிக்கும் கிருமி வளராது என்றாலும், வளர்ந்தால் எந்த மருந்து கேட்கும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். இன்னொன்று: சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டு காய்ச்சல் இறங்க ஐந்து நாள்கூட ஆகலாம். இரண்டாம் நாளே "கேட்கவில்லை" என்று டாக்டரை மாற்றினால் தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

திரை போடும் ஊசி

பக்கத்துத் தெரு கிளினிக்கில் "காய்ச்சல் ஊசி" ஒன்று போட்டதும் அன்றைக்கு உடம்பு லேசாகிவிடுகிறது. அந்த ஊசியில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால், எந்தக் காரணத்தால் வந்த காய்ச்சலும் ஓரிரு நாள் இறங்கும். நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமா இருந்தால் நெறி தற்காலிகமாகச் சுருங்கிவிடும்; பிறகு சதை எடுத்துப் பார்த்தாலும் தெளிவான விடை கிடைக்காது. டிபி இருந்தால் உள்ளுக்குள் பரவ இடம் கிடைக்கும்.

லீவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் போன்ற மாத்திரைகளின் கதையும் அதே மாதிரிதான். சாதாரணக் காய்ச்சலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் தாராளமாக எழுதப்படும் இவை டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். நோயாளி பத்து நாள் தேறுவார், எடைகூட ஏறும். நிறுத்தியதும் காய்ச்சல் திரும்பும். கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும், கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போகவும் வாய்ப்பு உண்டு. அவசர நிலை இல்லாத நீண்ட காய்ச்சலில், கல்ச்சர் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக்கைத் தொடாமல் இருப்பதும், காரணம் தெரியும் முன் ஸ்டீராய்டைத் தொடாமல் இருப்பதும் நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி. பாராசிட்டமால் போதும்.

விதிவிலக்குகளும் உண்டு. மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, சிறுநீர் குறைகிறது, ரத்தம் கசிகிறது, மஞ்சள் காமாலை தெரிகிறது என்றால் கல்ச்சரை எடுத்த கையோடு மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மென்றால் தாடையில் வலி, பார்வை மங்கல் இருந்தால், அது தலை ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம் மக்களிடையே குறைவுதான். ஆனாலும் பார்வை போய்விடும் என்பதால் அங்கே ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக் கூடாது.

சதைத் துணுக்கு இரண்டு புட்டியில்

முதல் சுற்றில் விடை கிடைக்காதபோது, கிடைத்த துப்பைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பரிசோதனை. முணுமுணுப்பு கேட்டால் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ. ஈரல் பரிசோதனை கெட்டிருந்தால் வயிற்று சிடி. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் டிபி இல்லை என்று ஆகாது. நெறியிலும் முதுகெலும்பிலும் வயிற்றிலும் டிபி ஒளிந்திருக்கும், நுரையீரலில் தினையளவு புள்ளிகளாகப் பரவும் டிபி முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருந்து சிடியில் தெரியலாம். துப்பே இல்லாமல் எல்லா டெஸ்டையும் எழுதினால் ஏதாவது ஒன்று தப்பாக பாசிட்டிவ் வந்து வேறு பாதையில் இழுத்துக்கொண்டு போகும்.

எங்கேயாவது நெறி கட்டியிருந்தால் அதுதான் பொக்கிஷம். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதைவிட, முடிந்தால் முழு நெறியையும் எடுத்து அனுப்புவது நல்லது. லிம்ஃபோமாவை உறுதி செய்ய அதன் முழு அமைப்பும் தெரிய வேண்டும். எடுத்த துணுக்கில் ஒரு பகுதியை, சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்திலும், இன்னொரு பகுதியை வெறும் சலைனிலும் போட வேண்டும். ஃபார்மலினில் விழுந்ததில் உயிருள்ள கிருமி மிஞ்சாது, பிறகு டிபி கல்ச்சர் செய்ய முடியாது. சலைனில் வந்த பகுதியில்தான் கல்ச்சரும், டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் செய்வார்கள். அறுவை அரங்கில் அவசரத்தில் மொத்தமும் ஃபார்மலின் புட்டிக்குள் போய்விடுவதுண்டு. "டிபி கல்ச்சருக்கும் அனுப்புவீர்கள்தானே?" என்று முன்தினமே கேட்டு வைப்பதில் தப்பே இல்லை. நெறி எதுவும் இல்லாமல் அணுக்கள் குறைந்திருந்தால் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள்.

எல்லா நெறியும் டிபியோ புற்றோ இல்லை. இளம் வயதினருக்கு, குறிப்பாக ஆசியப் பெண்களுக்கு, கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சல் தரும் கிக்குச்சி நோய் என்று ஒன்று உண்டு. 1972-ல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும். பயாப்ஸி, அதாவது சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, செய்யாமல் டிபி மாத்திரை ஆரம்பித்திருந்தால், அந்த மாத்திரையால்தான் குணமானது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

தொற்றும் புற்றும் இல்லை என்று ஓரளவு தெளிவான பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கிளர்ந்தெழும் நோய்கள் வரும். லூபஸ் அதில் ஒன்று. பெரியவர்களுக்கு வரும் ஸ்டில் நோய் இன்னொன்று: சாயங்காலம் 103 காய்ச்சல், தொண்டை வலி, மூட்டுவலி, காய்ச்சல் ஏறும்போது மட்டும் தோன்றி இறங்கும்போது மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பு. மாநிறத் தோலில் அந்தத் தடிப்பைக் காலை ரவுண்ட்ஸில் யாராலும் பார்க்க முடியாது. மாலையில் நீங்கள் செல்போனில் எடுத்து வைக்கும் ஒரு படம் டாக்டருக்குப் பெரிய சாட்சி. ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற இரும்புச்சத்தைச் சேமிக்கும் புரதம் ஆயிரக்கணக்கில் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஃபெரிட்டின் ஏறி, ரத்த அணுக்கள் மளமளவென்று குறைந்து, மண்ணீரலும் வீங்கினால் அது அவசர நிலை. பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பிடிபடவில்லை என்றால் பெட் சிடி. சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை உடம்பு முழுக்கக் காட்டும் ஸ்கேன் அது. நோயின் பெயரைப் பெரும்பாலும் சொல்லாது, எங்கே ஊசி குத்தலாம் என்று சொல்லும். செலவு அதிகம், அதனால் முதல் வாரத்திலேயே அதற்கு ஓட வேண்டாம்.

எல்லாம் செய்தும் சிலருக்குக் காரணம் கிடைக்காது. இதைக் கேட்டதும் மனம் இடிந்துபோகும். ஆனால் நன்றாகத் தேடியும் ஒன்றும் அகப்படாமல், சாப்பாடு இறங்கி, எடை நிலைத்திருக்கும் நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் மெல்ல விட்டுவிடுகிறது. அவர்களுக்குச் சும்மா ஒரு டிபி கோர்ஸோ ஸ்டீராய்டோ கொடுத்துப் பார்ப்பதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்லி மறுபடி கேட்டு, மறுபடி தொட்டுப் பார்ப்பது நல்லது.

வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, கல்ச்சர் முடிவுகள், எந்த ஆன்டிபயாடிக் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ற விவரம், உங்கள் காய்ச்சல் நோட்டு ஆகியவை கையில் இருக்க வேண்டும். பயாப்ஸி செய்திருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்லைடையும் மெழுகில் பதித்த பிளாக்கையும் லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். அதே சதையை இன்னொரு நிபுணர் பார்க்கலாம், கூடுதல் சோதனைகளும் செய்யலாம். மறுபடி கத்தி வைக்க வேண்டிய தேவையே வராமல் போகலாம்.